ஓடாத படகின் நேரம்

பேருந்துப் பணிமனையில் பதினெட்டு வருடமாக டைம்கீப்பர் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்ததால், ஓட்டுநர்கள் அவளைக் ‘கடிகாரம்’ என்றே கூப்பிட்டார்கள். கணவன், மாமியாரோடு மத்தியதரைக் கடல் பக்கம் போய்வர ஒன்பது நாள் விடுப்பு கிடைத்ததும், திட்டம் போடும் வேலை தானாக அவள் தலையில் விழுந்தது.

பழைய புத்தகக் கடையில் ஒரு பயண வழிகாட்டி வாங்கி வந்தாள். முதல் நான்கு நாள் பெரிய தீவு. ஐந்தாம் நாள் காலை எட்டேகால் படகில் சின்னத் தீவு. பெரிய தீவில் அறை போட்டாயிற்று. சின்னத் தீவு விடுதியில் மட்டும் ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை. ‘படகுத்துறையிலிருந்து சிறிது தூரம் ஏறினால் விடுதி’ என்ற வரி வேறு உறுத்தியது. மாமியாருக்கு முழங்கால் வலி. சிறிது தூரம் என்றால் எவ்வளவு? புத்தகத்துப் படத்தில் படிகளை எண்ணினாள். நாற்பத்திரண்டுக்கு மேல் ஒரு மரம் மறைத்தது.

கிளம்ப ஆறு நாள் இருந்தது. டீ குடிக்க வந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் அவள் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார்.

“ஏம்மா கடிகாரம், இது அச்சடிச்சே பதினோரு வருஷம் ஆச்சே. இந்தப் படகு இன்னும் ஓடுதா?”

அவள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வண்டி ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலும் பலகையைத் திருத்துகிறவள், வருடத்தைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

மதியமே பெரிய தீவு விடுதிக்குப் போன் போட்டாள். தெரிந்த ஆங்கிலத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துப் படித்தாள். படகு நின்று மூன்று வருடமாம். மீதி நாளுக்கு அறை உண்டா என்றால், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

இரண்டு நாள் வீட்டில் மூச்சு விடவில்லை. கணவனோ பக்கத்து வீட்டு வாசலில் நின்று சின்னத் தீவின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். சாப்பிடும்போது ஒருவழியாகச் சொன்னாள்.

“சின்னத் தீவுக்குப் படகே இல்லீங்க. நான்தான் பழைய புத்தகத்தை நம்பிட்டேன்.”

“ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!” கணவன் தட்டைத் தள்ளினான்.

“ஏன்டா, ஊரையா கூட்டிட்டுப் போற?” என்றாள் மாமியார். “நீ சாப்பிடும்மா. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடவே இல்ல. என்னமோ ஏதோன்னு நான் பயந்துட்டேன்.”

மறுநாள் அறை கிடைத்தது. சமையலறையை ஒட்டிய அறை, விடிந்ததும் பாத்திரச் சத்தம். போகவர ஆன நேரம் போக, மீதி நாளெல்லாம் பெரிய தீவிலேயே இருந்தார்கள். கணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு வலை உலர்த்துகிறவர்களோடு சைகையில் பேசப் பழகி, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அவள்தான் திரும்பும் விமானத்தில் ஏறும்வரை மூன்று பாஸ்போர்ட்டையும் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தாள். மாமியார் வெயிலில் நன்றாகக் கறுத்து, ஒரு சுற்றுப் பருத்து வந்து இறங்கினாள்.