நகல் எடுக்காத தாள்

பக்கிரிக்கு ஊர் தேவனாம்பட்டினம். வேலை சிதம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில். வரும்படி போதாமல்தான் படகுத் தொழிலை விட்டான் என்று வீட்டில் நம்பினார்கள். பதிமூன்று வயதில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்ததிலிருந்து அவன் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண்டலத்தில் தில்லைநாதன் வீட்டு மாடியில் நான்கைந்து பேர் கூடிப் பகடை உருட்டிக் கதை ஆடுவார்கள். கதையை நடத்துவது தில்லைநாதன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அதன் குணமும் பலமும் ஒரு தாளில் இருக்கும். பாத்திரம் செத்தால் ஆடியவரே தாளைக் கிழிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தில்லைநாதன் எழுதி வைத்திருந்த வீரனைப் பக்கிரி நான்கு முறை சாகக் கொடுத்திருக்கிறான். வருத்தப்பட்டதில்லை. மறுநாள் கடையில் இன்னொரு நகல் எடுத்தால் வீரன் எழுந்துவிடுவான்.

இந்த முறை அவனே எழுதினான். மாறன் என்ற படகோட்டி. மூன்று நாள் அடித்துத் திருத்தி, நீல மையில். அதை நகல் எடுக்க ஏனோ மனம் வரவில்லை.

கதையில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் பகடை உருட்டிக் கரையேறினார்கள். பக்கிரியின் முறை வந்தபோது தில்லைநாதன் தாளைப் பார்க்கவே இல்லை.

“உனக்குப் பகடையே வேணாம்டா. கடக்கரை ஆளு, நீஞ்சி வந்துட்ட.”

தலையாட்டினால் போதும், மாறன் பிழைத்துவிடுவான். பக்கிரியின் உள்ளங்கையில் பகடை நனைந்திருந்தது. பிறக்கும்போதே யாரோ ஒரு தாளை எழுதித் தன் கையில் திணித்துவிட்டதுபோல் இருந்தது.

“தாள படிங்கண்ணா.”

தில்லைநாதன் உரக்கப் படித்தார்: தண்ணீரில் இறங்கினால் கைகால் மரத்துப்போகும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் விஜயகுமார் சிரித்துவிட்டான்.

“தேவனாம்பட்டினத்தான் எழுதுற ஆளாடா இது? நாளைக்கு மீனும் தண்ணிக்குப் பயப்படுதும்ப.”

“அது நான்தான் மச்சான்.”

முன்பு சொன்னதே இருக்கட்டும், நீந்திவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம் என்றார் தில்லைநாதன். அது இரக்கம், பக்கிரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. எவ்வளவு விழ வேண்டும் என்று கேட்டான். இருபது முகப் பகடையில் பதினைந்தாவது விழ வேண்டும் என்றார் தில்லைநாதன்.

உருட்டினான். மேசை விளிம்புவரை ஓடி, விழுவதுபோல் ஆடி, நின்றது. ஒன்பது.

தாளை நான்காகக் கிழித்தான். தில்லைநாதன் பழைய வீரனின் நகலை எடுத்து நீட்டினார்.

“இவன் வேணாண்ணா. வெள்ளத் தாளு இருந்தா குடுங்க.”

பேனாவை விஜயகுமார் கொடுத்தான்.