ஹெவி லைசென்ஸும் குட்டை லாரியும்

எனக்குப் பேச வராது. யாராவது விலை சொன்னால் தலையை ஆட்டிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு நல்ல லாரி அமைந்தது என்றால், அது மற்றவர்கள் செய்த உதவிதான்.

சிறுமலையில் வாழைத்தார் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவது என் தொழில். வண்டி, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. ஒருநாள் மலைத் தோட்டக்காரர் சொன்னார்: "ஏப்பா, ஒன் வண்டி நாலு நடை அடிக்கிறதுக்குள்ள காய் பழுத்துருது. பெரிய வண்டி வாங்குறியா, இல்ல வத்தலக்குண்டு லாரிக்காரனுக்குச் சொல்லிவிடவா? அடுத்த வெட்டு வரைக்கும் பொறுத்துக்கிறேன்."

அவர் போனால் மற்ற தோட்டக்காரர்களும் போய்விடுவார்கள். புது இடத்தில் போய் லோடு கேட்க எனக்கு வாய் கிடையாது.

என்னிடம் இருந்தது சின்ன வண்டி லைசென்ஸ். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஹெவிக்குப் பழகினேன். டெஸ்ட் அன்று என்ன கேள்வி கேட்பார்களோ என்று பயந்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் அதிகம் பேசவில்லை. ஓட்டச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார். வாயைத் திறக்காமலே தேறிவிட்டேன்.

ஹெவி கைக்கு வந்ததும் மனசு நீளமான லாரியைத் தேடியது. பழைய வண்டிகள் விற்கும் புரோக்கரின் ஷெட்டில் பத்துச் சக்கர லாரி ஒன்று புதுப் பெயின்ட் அடித்து நின்றது. அதற்கு அடுத்து, நிறம் வெளுத்து, பம்பர் நசுங்கிய ஒரு குட்டை லாரி. அதற்கு ஆறு சக்கரம். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துச் சக்கரத்துக்குத் தலையை ஆட்டப் போகும் நேரத்தில், கூட வந்திருந்த என் மனைவி குறுக்கே வந்தாள்.

"மலைக்கு ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வாங்குவோம்ணே."

புரோக்கர் சிரித்தார். "ஏக்கா, லாரி என்ன சேலையா, கட்டிப் பாத்து வாங்க?"

"சேலைன்னா கடையிலயே விரிச்சுப் பாத்துருவோம். இத ரோட்டுலதான விரிக்கணும்?"

பத்துச் சக்கரத்தில் மூன்று பேரும் ஏறிப் போனோம். மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே லாரியின் மூக்கு பாறையை முட்டப் பார்த்தது. பின்பாதி இன்னும் கீழ் ரோட்டிலேயே கிடந்தது. பின்னால் எடுத்தால்தான் திரும்பும். அதற்குள் மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றுவிட்டது.

"ஏலே, மணவறையில மாப்ள ஒக்காந்த மாதிரி நட்டநடுவுல ஒக்காந்துட்டான் பாரு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

மனைவி இறங்கிப் பின்னால் போனாள். கிளீனர்கள் லாரியின் பக்கப் பலகையைக் கையால் தட்டித்தான் டிரைவருக்குச் சொல்வார்கள். இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நில். மார்க்கெட் நெரிசலில் குட்டியானைக்கு அவள்தான் தட்டுவாள். இப்போதும் தட்டினாள். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "அவசரமே இல்லண்ணே. அக்கா தட்டுறத மட்டும் கேளுங்க," என்றார். அதை மட்டும் கேட்டேன். முன்னும் பின்னுமாகப் பலமுறை எடுத்து, லாரி ஒருவழியாகத் திரும்பியது. அந்த பஸ் டிரைவரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

மனைவி ஏறி உட்கார்ந்தாள். "வெறும் வண்டிக்கே இந்தப் பாடு. தார் ஏத்துனா என்னண்ணே செய்யிறது?"

புரோக்கர் தலையை வெளியே நீட்டி அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "குட்டையவே எடுத்துக்கங்கக்கா," என்றார். கூடுதல் விலைக்குப் போகிற வண்டியை எங்கள் தலையில் கட்ட அவருக்கு அன்று மனம் வரவில்லை.

"அப்ப என் ஹெவி லைசென்ஸ் வீண்தானா?" அன்று நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"அண்ணே, நீளத்துக்கா லைசென்ஸ் குடுக்குறாங்க? எடைக்குண்ணே! லோடோட சேத்துப் பாத்தா அந்தக் குட்டைக்கும் ஹெவிதான் வேணும்," என்றார் புரோக்கர்.

அடுத்த வெட்டுக்குக் குட்டை லாரியோடு போய் நின்றோம். "இம்புட்டுக் குட்டையா?" என்றார் தோட்டக்காரர். வெட்டிய தார் அத்தனையும் ஒரே நடையில் ஏறியதும், "நாளைக்கழிச்சும் வந்துரு," என்றார்.

பாரத்தோடு இறங்கும்போது அதே வளைவு வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஒரே எடுப்பில் திரும்பியது. சொல்லலாம் என்று பக்கத்தில் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்து மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கித் தட்ட வேண்டிய வேலை இனி இந்த வளைவில் இல்லை. எழுப்பாமல் மெதுவாக ஓட்டினேன்.