வண்டி ரேடியோவின் நாலு நம்பர்

மின்சார ஆபீசில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘ஆஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற லைன்மேன்கள் கம்பத்தில் ஏறுமுன் “ஆஃப் பண்ணியாச்சா?” என்று ஒரு தடவை கேட்பார்கள். இவர் பாதி ஏறிய பிறகும் கேட்பார், உச்சியில் கையுறை மாட்டும்போதும் கேட்பார். இத்தனை வருஷத்தில் உடம்பில் ஒரு கீறல் இல்லை என்றால் அந்தக் கேள்விதான் காரணம், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதற்கும் மெயினை இறக்கிவிடுவார். மிக்ஸி மூடியில் கையை வைத்தபடி மனைவி சிலையாக நிற்பாள்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். காலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். கார் பழையது. அதிலுள்ள ரேடியோவும் பழையது, ஆனால் குரல் நன்றாக இருக்கும். வண்டியைக் கிளப்பியதும் அதைத் திருகிவிடுவார். பாட்டு, செய்தி, பல்பொடி விளம்பரம் என்று எது வந்தாலும் சரி, சத்தம் வந்தால் போதும். சத்தம் இருக்கும்வரை மனைவி தன் மைத்துனர் பேச்சை எடுக்க மாட்டாள்.

மைத்துனர் என்றால் இவருடைய சொந்த அண்ணன். காரே அண்ணன் கொடுத்ததுதான். மூக்குக்கண்ணாடிக் கடை நன்றாக ஓடியதும் புது வண்டி வாங்கிக்கொண்டு, பழையதைத் தம்பிக்குச் சும்மாவே கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு குடும்ப விருந்தில், நாலு பேர் நடுவில், “நான் கழிச்சுவிட்ட வண்டியைத்தான் தம்பி ராஜா மாதிரி ஓட்டிக்கிட்டிருக்கான்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதிலிருந்து பேச்சு இல்லை. கோபம் எப்போதோ ஆறிவிட்டது என்பது அவருக்கே தெரியும். யார் முதலில் பேசுவது என்பதுதான் பாக்கி. நான் பார்த்தவரை அண்ணன் தம்பிச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நொண்டுகின்றன.

ஒரு திங்கட்கிழமை ரேடியோ ஊமையாகிவிட்டது. முகப்பில் விளக்கு எரிந்தது, எண்கள் ஓடின, சத்தம் மட்டும் இல்லை. முதல் சிக்னல் தாண்டுவதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்.

“உங்க அண்ணனுக்கு நெஞ்சுல அடைப்பாம். அடுத்த வாரம் ஆபரேஷன். உங்க அண்ணி போன்ல அழுதாங்க.”

அவர் குமிழைத் திருகினார். ஒன்றும் வரவில்லை.

“ஒரு போன் பண்ணுங்க. அவர் வயசுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா…”

“ரோட்டைப் பாக்க விடு.”

அன்று சாயங்காலம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், குழாயை இறுக்கினார், இறுக்கிய குழாயை மறுபடி இறுக்கினார். போனை எடுத்து அண்ணன் பெயர் வரை போய்விட்டு, மணி பார்த்தது போல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் என்றதும்தான் வந்தான் என்று அண்ணன் சொல்லிவிட்டால்? சொல்லாமலே செத்துப்போய்விட்டால்? இரண்டாவது நினைப்பு வந்ததும் எழுந்துபோய்க் குழாயை இன்னொரு தடவை இறுக்கினார். ரேடியோவைச் சரிபண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்ல ஆள்.

லீவு நாளில் வண்டியை வாசலில் நிறுத்தி, கருவிப் பையோடு இறங்கினார். முதல் வேலையாக பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

“ரேடியோவுக்கு எதுக்கு பேட்டரியைக் கழட்டுறீங்க?” என்றாள் மனைவி.

“கரண்ட் விஷயத்துல எனக்கே பாடம் எடுக்கறியா?”

முன்பலகையின் பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி, இரண்டு பக்கமும் கம்பியை நுழைத்து, ரேடியோவை வெளியே இழுத்தார். பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களின் சொருகு பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், ‘டக்’ என்று உட்கார்ந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியை மாட்டி, ரேடியோவைத் திருகினார்.

முகப்பில் நாலு கட்டங்கள் மின்னின. திருட்டுப் போகாமல் இருக்க அந்தக் காலத்து ரேடியோக்களில் ஒரு ஏற்பாடு உண்டு. பேட்டரி இணைப்பு ஒருமுறை அறுந்தால் போதும், ரகசிய எண்ணைப் போட்டால்தான் வாயைத் திறக்கும். ஒயரைத் தொடாமல் சொருகை மட்டும் அழுத்தியிருந்தால் இந்நேரம் பாடிக்கொண்டிருக்கும். ஒரு சாதாரண ஆள் அப்படித்தான் செய்திருப்பான்.

வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஏற்கவில்லை. அண்ணன் பிறந்த வருஷத்தைப் போட்டார். அதற்கும் அசையவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், “பழைய ஓனரைக் கேளுங்க சார், அவருக்குத் தெரியும்” என்றான்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் இருந்த மாதிரிதான் இருந்தது.

“நம்பர் மட்டும் கேக்கறேன்,” என்றார் அவர். “வேற பேச்சே கிடையாது.”

அண்ணன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அண்ணே, நான்தான்…”

“தெரியுதுடா,” என்றார் அண்ணன். “நீ கூப்பிடுவேன்னு உங்க அண்ணி சொன்னா. நான்தான் நம்பல.”

அந்தக் குரலில் கண்ணாடிக் கடை முதலாளி இல்லை. இருந்தது ஒரு பயந்த மனிதர். நம்பரைக் கேட்க வாயைத் திறந்தவர், “என்னைக்கு அட்மிட் ஆகணும்?” என்று கேட்டார். பிறகு, “நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்,” என்றார்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் அண்ணன் முன்னால் உட்கார்ந்தார், பெண்கள் இருவரும் பின்னால். இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். நாலு தெரு தாண்டியதும் அண்ணனுடைய கை, வருஷக்கணக்கான பழக்கத்தில், ரேடியோவைத் திருகியது. நாலு கட்டங்கள் மின்னின.

அண்ணன் குனிந்து அதைப் பார்த்தார்.

“பேட்டரியைக் கழட்டினியா?”

“ஆமாண்ணே.”

“அன்னைக்கு நீ போன் பண்ணது இதுக்குத்தானா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“ஆமாண்ணே. இதுக்குத்தான்.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நெஞ்சு வலியோ என்று பயந்து தம்பி வண்டியை ஓரம் கட்டினார். பார்த்தால் சிரிப்பு.

“பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சுன்னு நினைச்சு, உங்க அண்ணிகிட்ட அழுதுட்டேன்டா நான்.”

“நம்பர் ஞாபகம் இருக்குதா மாமா?” என்றாள் தம்பி மனைவி.

“நல்லாவே இருக்கு. ஆனா இப்ப சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு வெளியே வந்து சொல்றேன்.”

தம்பிக்கு அதுவரை இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாவியைத் திருகாமலே அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இப்பவே சொல்லிடுண்ணே.”

“என்னடா அவசரம்?”

அவர் வண்டியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அண்ணனை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் கைப்பிடியை விடாமல் கூடவே நடந்தார். லிஃப்ட்டிலும் கேட்டார், வராண்டாவிலும் கேட்டார். வார்டு கதவருகே நர்ஸ் கையை விடச் சொன்னாள்.

“முதல் நம்பரையாவது சொல்லிட்டுப் போண்ணே,” என்றார்.