யோகாவின் சுத்துக்கு இன்னும் பேர் இல்லை

யோகா போய்விட்டாள்.

எங்கள் யோகேஸ்வரி. தேயிலைத் தோட்டப் பக்கம், நோர்வூட் ஸ்கூலில் என் பக்கத்து பெஞ்ச். கிட்னி சுகமில்லாமல் இருந்தாள்... இன்று விடியற்காலை அவள் தம்பி போன் பண்ணினான். "கலாக்கா... அக்கா போயிருச்சுக்கா."

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் காலையிலிருந்து ஒரே மெழுகுவர்த்தியும் கும்பிடு கையுமாக இருக்கிறது. அதற்குள் எங்களோடு படித்த ரவி ஒரு மெசேஜ். "அவ பேனா சுத்துக்கு 'யோகா சுத்து'ன்னு பேர் வச்சிருவோம். அதான் நம்ம அஞ்சலி." எல்லோரும் லைக்.

நான் போடவில்லை. போடவும் மாட்டேன். ஏன் என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற கிளாஸ். எங்கள் வகுப்பே உட்கார்ந்து விரல்களில் பேனா சுற்றும். மூடியைப் பின்பக்கம் மாட்டினால்தான் பாரம் சரியாக நிற்கும்.

ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பேர். விரல் விரலாக வரிசையில் போனால் அது 'பெரட்டு', காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்க அம்மாமார் வரிசையில் நிற்கிற மாதிரி. கையின் பின்பக்கம் ஒரு ரவுண்டு போய், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 'கங்காணி'. மலை வளைவில் வருகிற மாதிரி, விழப் போகிறது என்று நினைக்கும்போது விழாமல் திரும்புவது 'ஹட்டன் பஸ்'.

பேர் வைக்க ஒரு சட்டம் இருந்தது. போட்டது யோகா. கண்டுபிடித்த ஆள் பேர் வைக்கக் கூடாது. அதை இரண்டாவதாகச் செய்து காட்டுகிற ஆள்தான் வைக்க வேண்டும்.

"ஒராளு செஞ்சா அது லக்கு. இன்னொராளுக்கும் வந்தாத்தான் சுத்து," என்பாள்.

'பெரட்டு' ரவி கண்டுபிடித்தது, பேர் நான் வைத்தது. தன் பேரை வைக்கவில்லை என்று ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். 'கங்காணி' என்னுடையது, பேர் யோகா வைத்தாள்.

அவளுடைய சொந்தச் சுத்து மட்டும் வேறு மாதிரி.

சின்ன வயதில் விறகு வெட்டும்போது கத்தி பட்டு, அவள் வலது மோதிர விரல் பாதிதான். நடுவிரலில் புறப்படுகிற பேனா அந்தக் குட்டை விரலின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, சுண்டு விரலில் போய் உட்காரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்...

எங்களுக்கு முழு விரல் குறுக்கே நிற்கும். அதை மடக்கினால் சுண்டு விரலும் கூடவே மடங்கிவிடும். இப்போதே உங்கள் கையில் செய்து பாருங்கள், தெரியும்.

ரவி விரலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு தடவை செய்து காட்டினான். "கட்டுனா கள்ளம்," என்றாள். பேச்சு முடிந்தது.

எங்கள் கணக்கு சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் பாடத்தின் நடுவில் அவளைப் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, உந்தப் பேனைச் சுத்துக்கு என்ன பேர்?"

யோகா எழுந்து நின்றாள். "இன்னும் பேரு இல்லீங்க சேர்."

"ஏன்?"

"ரெண்டாவது ஆளு இன்னும் வரலீங்க சேர்."

சேர் அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அந்த ஆள் வரும் மட்டும் பேனையை மேசையில வை."

வகுப்பே சிரித்தது. யோகா சிரிக்கவில்லை. அவள் அதைப் பகிடியாகச் சொல்லவே இல்லை.

பிறகு அவள் ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷனில் வேலைக்குப் போனாள். போட்டோகொப்பி, போன் கோல். அந்தக் கடைக்கு இன்டர்நெட் வந்ததும், வெளிநாட்டில் பேனா சுற்றுகிறவர்களின் பக்கம் ஒன்றைத் தேடி அவளுக்குக் காட்டினேன்.

அங்கே விரலுக்கெல்லாம் நம்பர். எங்கே புறப்பட்டு எங்கே போகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது... சுத்தின் பேரில் பாதி அதிலேயே வந்துவிடும். யோகா நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வச்சிருக்காங்க. எல்லாருக்கும் முழு வெரலு இருக்குன்னு நெனச்சிட்டாங்க போல."

"கண்டுபிடிச்சவங்க பேரையும் வைக்கிறாங்கடி. ஒன் பேர அனுப்பட்டுமா?"

"என் பேரு எனக்கு இருக்குடி. சுத்துக்குத்தான் இல்ல."

அதற்குள் யாரோ அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தார்கள். எழுந்து போய்விட்டாள்.

ரவி, இப்போது புரிகிறதா? அவளுக்கு வேண்டியது அஞ்சலி இல்லை. இரண்டாவது ஆள்.

போன மாதம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கை வீங்கி இருந்தது. பேனாவை அவளிடம் நீட்டினேன், வாங்கவில்லை. என்னைச் செய்யச் சொன்னாள். செய்தேன். கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

"இன்னும் சுண்டு வெரலு கூடவே வருதாடி?"

"வருதுடி."

"அத அதட்டி வையி," என்றாள். அந்த நிலைமையிலும் அதிகாரம்தான். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

இப்போது தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. வளைவுக்கு வளைவு விழுகிறது. பக்கத்து சீட் சிங்கள அம்மா குனிந்து எடுத்து "மென்ன துவே", இந்தா மகளே, என்று தருகிறார். என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ...

மோதிர விரலை மடக்கினால் சுண்டு விரல் இப்போது முழுதாக மடங்குவதில்லை. பாதியில் நிற்கிறது. மீதியையும் நிறுத்துவேன்.

அதுவரை குரூப்பில் யாரும் அதற்குப் பேர் வைக்க வேண்டாம். ரவி, உனக்கும் கை இருக்கிறது. பழகு. எனக்கு முந்தி வந்தால் நீயே வை, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போயிட்டு வாடி யோகா. அதட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.