பேராசிரியர் தெளிய வைத்த தண்ணீர்

கல்லூரி விழா மலருக்கு ‘மறக்க முடியாத பேராசிரியர்’ என்ற தலைப்பில் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். “ஜாலியா எழுதுங்க, அவரோட கிறுக்குத்தனம் எல்லாம் வரணும்” என்றார் மலர்க்குழுவிலிருந்து பேசியவர். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் காலத்து மாணவர்கள் நாலு பேர் கூடினால் அந்த வேதியியல் பேராசிரியரைப் பற்றித்தான் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எழுதிக் கொடுத்தேன், அவர்கள் போடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல். பங்குனி வெயிலில் ஊரே வேகும்போது அவர் மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். தனிம அட்டவணையை மேசையில் தாளம் தட்டி, ராகம் போட்டுப் பாடுவார். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு, எதனோடும் வினைபுரியாத வாயு என்ற பொருளில், ‘மந்த வாயு’ என்று பெயர். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் வருடம் நானும் அதில் மயங்கிக் கிடந்தவன்தான்.

ஊர்த் தண்ணீரை அவர் வாயில் வைக்க மாட்டார். ஆய்வகத்தில் எங்களுக்காக வடித்து வைத்த வாலைவடிநீரை, அதாவது டிஸ்டில்ட் வாட்டரை, பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு போய் அதைத்தான் குடிப்பார். எங்கள் சோதனைக்கு இல்லாமல் போனால், “குழாய்த் தண்ணியில பண்ணுங்கப்பா, மார்க்கு நான் பாத்துக்கறேன்” என்பார். பையன்களின் பொருளைத் திருடிக் குடிக்கிற மனிதனுக்கு மேதையின் விசித்திரம் என்று பட்டம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வருடம் அவர் ஒரு கண்டுபிடிப்பில் இறங்கினார். தோல் பதனிடும் டேனரிகள் விடும் கழிவு பாலாற்றில் காப்பி டிகாஷன் மாதிரி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அதைச் சுத்தம் செய்ய ஒரு பொடி. படிகாரம், கரித்தூள், தேத்தாங்கொட்டை, அதோடு அவர் யாருக்கும் சொல்லாத ஏதோ ஒன்று. இடித்துச் சலித்தது நானும் என் பக்கத்து பெஞ்சுக்காரனும். அவன் வாணியம்பாடிப் பையன். அவனுடைய அப்பா தோல் தரகர். ஜாடியில் கழிவுநீரை ஊற்றிப் பொடியைப் போட்டுக் கலக்கி வைத்தால், மறுநாள் அழுக்கெல்லாம் அடியில் இறங்கி மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாத்தீங்களாடா, பாலாறு!” என்று கத்துவார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் அன்று உடம்பு சிலிர்த்தது.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். தயிர்போல வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. தோலுக்குப் போட்ட உப்பு முழுக்க அப்படியே கரைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இது முதல் வருடப் பாடம். சோதனைக் குழாயோடு அவரிடம் போனேன்.

“சார், உப்பு போகலை சார்.”

அவர் குழாயைப் பார்க்கவில்லை. வகுப்பைப் பார்த்தார். “மந்த வாயு எல்லாம் எப்போடா ரியாக்‌ஷன் பண்ண ஆரம்பிச்சுது?”

கூரை அதிரச் சிரித்தார்கள். அன்றோடு எனக்கு அவர் மேலிருந்த மயக்கம் தெளிந்தது.

அடுத்த வாரம் ஒரு டேனரியில் செயல்விளக்கம். எங்களையும் கூட்டிப் போனார். முதலாளி வயதான பாய். அவரோடு இன்னும் சில முதலாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளே தெளிய வைத்திருந்த தண்ணீரைப் பேராசிரியர் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் காட்டினார். உலகமே இனி இந்த ஊரைத் தேடி வரும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் முழங்கினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்குது சார். நீங்க ஒரு வாய் குடிச்சுக் காமிச்சீங்கன்னா எங்களுக்கும் ஒரு தைரியம்.”

பேராசிரியர் தம்ளரைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தார். “எனக்கு அல்சர் பாய். டாக்டர் சொன்ன தண்ணிதான் குடிக்கணும். பசங்க குடிப்பாங்க.” என் பக்கம் திரும்பினார். “நீ வாடா. உங்கப்பா தோல் ஷாப்புலதானே வேலை செய்யறார்? உனக்கெல்லாம் பழக்கமாத்தானே இருக்கும்.”

என் அப்பா வேறொரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் இழுப்பவர். வெந்துபோன விரல்களால் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியில் அள்ளிச் சாப்பிடுவார். பழக்கமாம்.

“நான் குடிக்க மாட்டேன் சார்.”

“ஏன்?”

“உப்பு இருக்குது. இன்னும் என்னென்ன இருக்குதோ. நீங்க குடிங்க, அப்புறம் நான் குடிக்கிறேன்.”

அவர் தம்ளரை என் வாணியம்பாடி நண்பனிடம் நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். வாங்கி ஒரே மடக்காகக் குடித்தான்.

“எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்குது சார்” என்று சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது.

கைதட்டினார்கள். பாய் தட்டவில்லை. “அந்தப் பையனுக்கு மோர் குடுங்கப்பா” என்றார் உள்ளே பார்த்து.

பொழுது சாய்வதற்குள் அவனுக்கு வாந்தி பேதி. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். “ஏன்டா குடிச்ச?” என்றேன்.

“பிராக்டிகல் மார்க் அவரு கையில இருக்குது தோஸ்த். இன்னா பண்ண சொல்ற?”

பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. வகுப்பில் மட்டும் அவனைப் பற்றிப் பேசினார். “கல்யாண பிரியாணியை ஜாஸ்தியா கட்டியிருக்கான், பழி என் பொடி மேல.” அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருக்காவது மாட்டிக்கொள்ளும் பயம் இருந்தது; இவர்களுக்கு என்ன வந்தது?

செய்முறைத் தேர்வில் கொடுத்த உப்பைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதினேன். பாஸ் மார்க் மட்டும் போட்டார். முதல் வகுப்பு போயிற்று, சென்னையில் எம்.எஸ்ஸி. சேரும் ஆசையும் அதோடு போயிற்று. ஒரு டேனரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நண்பன் தேறி வந்து நல்ல மார்க்கோடு பாஸ் செய்து, அப்பாவின் தொழிலைப் பார்த்துக்கொண்டான். பொடியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காட்பாடி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். அதே கோட்டு. விலகிப் போகப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டார். பக்கத்திலிருந்த மனைவியிடம் பெருமையாக, “என் ஸ்டூடண்ட். அன்னிக்கு டேனரியில எல்லாரும் பயந்து நின்னப்ப என்னை நம்பித் தண்ணியைக் குடிச்சவன் இவன்தான்” என்றார்.

“நான் குடிக்கலை சார். மாட்டேன்னு சொன்னவன் நான்.”

“குடிச்சே, குடிச்சே. எனக்கு ஞாபகம் இருக்குடா” என்று என் தோளில் தட்டினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். அவருக்காகவாவது பேசாமல் இருந்திருக்கலாம். “குடிச்சவன் ஆஸ்பத்திரியில கிடந்தாம்மா. இவர் எட்டிக்கூடப் பாக்கலை” என்றேன். அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வண்டி லேட் போலிருக்கிறது என்றார்.