மடியோடு தைத்த பூ

அடுக்குமாடியில் அவளை எல்லோரும் 'ரிப்பன்காரி' என்றுதான் சொல்வார்கள். பட்டு ரிப்பனில் பூத் தைப்பவள் என்பதால் வந்த பெயர். அவள் வாய்க்கென்று ஒரு பெயர் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் கடைவீதி முழுக்க ஒரு சிவப்புப் பூ தலைகாட்டும். அகலமான இதழ்கள், நடுவில் மஞ்சள் பொட்டுகள். அதைத் திண்டு உறைகளிலும் மேசை விரிப்புகளிலும் தைத்துத் துணிக்கடைக்குக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கணவர் போன பிறகு வீட்டை ஓட்டியது அந்தப் பூதான்.

ரிப்பன் சாதாரண நூலைப் போல சொன்னபடி கேட்காது. துணிமேல் படுக்கவைத்து, அதன் நுனியிலேயே ஊசியைக் குத்திக் கீழே இழுக்க வேண்டும். இழுப்பு மயிரிழை கூடினாலும் இதழ் சுருண்டு கயிறாகிவிடும். பிரித்துத் தைக்கவும் வழியில்லை, குத்திய ஓட்டை பல்லை இளிக்கும். அதனால் ரிப்பன்காரி தைக்க, அவளோடு அதே வீட்டில் இருந்த தங்கை, துணியை இறுக்கி மாட்டிய வட்டச் சட்டத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருப்பாள். இழுக்கும் நேரம் பார்த்து இதழுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுப்பாள். பூ உப்பலாக நின்றது அந்த விரலால்தான்.

ஒருநாள் துணிக்கடைக்காரர், "ரெண்டு பேரு கைவேலையும் பிரமாதம்மா" என்றார். ரிப்பன்காரிக்கு நாக்கு சும்மா இருக்குமா? "இவ எங்க தச்சா? சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா" என்றுவிட்டாள். தங்கை விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்தாள், சட்டத்தை மேசைமேல் வைத்தாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை. அவளே பேசட்டும் என்று இவளும் வீறாப்பாக இருந்தாள். வீறாப்புக்கு என்ன, சோறா போட வேண்டும்? அது பாட்டுக்கு வளர்ந்தது.

லிஃப்டில் ஒலிக்கும் பதிவுக் குரல் 'கதவு மூடுகிறது' என்றால், இவள் "சரிம்மா" என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள். சமையலைப் பாராட்ட வேண்டாம், உப்பில்லை என்று குறை சொல்லக்கூட ஆளில்லை. பகலெல்லாம் டிவி தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். தங்கை நினைப்பு வரும். கூப்பிடலாம் என்று போனை எடுப்பாள். எந்த முகத்தோடு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திரும்ப வைத்துவிடுவாள்.

இந்த விடுமுறைக்குக் கடைக்காரர் பெரிய மேசை விரிப்பு ஒன்று கேட்டிருந்தார். பிடிக்க ஆளில்லாததால் சட்டத்தை மடியிலேயே வைத்து, இடது கை விரலை இதழுக்கு அடியில் கொடுத்துத் தைத்தாள். ஒரு மத்தியானம் கடைசிப் பூவை முடித்து ரிப்பனைக் கத்தரித்தாள். டீ போடலாம் என்று எழுந்தாள். சட்டமும் கூடவே எழுந்தது. விரிப்பு, அதன்மேல் கிடந்த ஊசி டப்பா, எல்லாம் சரசரவென்று பின்னாலேயே வந்தன. குனிந்து பார்த்தால், பூ மொத்தமும் போட்டிருந்த நைட்டியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்த வேகத்தில், "அடியே, இங்க வந்து இந்தக் கூத்தப் பாரேன்!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

உள்ளே யாரும் இல்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஒரு கூத்தைக்கூடத் தனியாகவே பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு வலித்தது. விரிப்பைக் கையில் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள். இந்தத் தடவை வைக்கவில்லை.

"ஹலோ" என்றாள் தங்கை. குரலில் ஒட்டுதலே இல்லை.

"நான்தான். வச்சிடாதடி. பூவ நைட்டியோட சேத்துத் தச்சுட்டேன். எழுந்தா மேச விரிப்பே கூட வருது."

அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. தங்கை உடனே அடக்கிக்கொண்டாள்.

"மடியில வச்சா தச்ச? சட்டத்த யாரு பிடிச்சா?"

"யாருமில்ல."

ரிப்பன்காரி வாயை மூடிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

"சரி, பூவுல கைய வைக்காத. நைட்டிய மட்டும் சுத்தி வெட்டிவிடு" என்றாள் தங்கை, கறாராக. "பின்பக்கம் ஒட்டிக்கிட்டுக் கிடந்தா யாருக்குத் தெரியப்போகுது? எனக்கு அடுப்புல வேல இருக்கு."

"நீ வர்றியா?" கேட்டே விட்டாள்.

"எதுக்குக்கா? சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காரவா?"

சுருக்கென்றது. சுருக்கென்றுதான் இருக்க வேண்டும். வாய்வரை வந்த சாக்குகளை எல்லாம் ரிப்பன்காரி விழுங்கினாள்.

"இல்லடி. நீ தை. நான் பிடிக்கிறேன்."

தங்கை போனை வைக்கவில்லை. அவள் அடுப்பை அணைப்பதும், உட்கார்ந்து பேச நாற்காலியை இழுத்துப் போடுவதும் போனில் கேட்டது.