மாற்றிக் கட்டிய நாலு கம்பி

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிற ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன். மழைக்காலந்தோறும் வந்து தங்கிய வெள்ளைக்காரம்மாதான் பாரிடோன் யுகுலேலே கற்றுக்கொடுத்தார். கிட்டாரைவிடச் சின்னது, நாலே கம்பி, கனத்த குரல். எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்து, அகப்பையை யுகுலேலேபோல் பிடித்துப் பழகினேன். அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல் எனக்கு இடதும் வலதும் மாறிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கம்பிகளை மாற்றிக் கட்டி, அதை எனக்கே தந்துவிட்டார். நான் வாசிக்க, அவர் பழைய ஜாஸ் பாட்டுகளைப் பாடுவார். கடைசி அடியைச் சேர்ந்து பாடுவோம். இப்போது அவர் வருவதில்லை.

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து வந்து தங்கிய பெண் அதே பாட்டுகளில் ஒன்றை முணுமுணுத்தாள். கூடப் பாட ஆள் கிடைத்துவிட்டது என்று ஓடிப்போய் யுகுலேலேயை நீட்டினேன். கம்பிகள் மாறியிருப்பது தெரியாமல் அவள் வாசித்ததும் கோணல் சத்தம்தான் வந்தது.

"ஏனுங்கம்மா, தகரத்த இழுத்தாப்புல கத்துதுங்க! நீங்க வாசிப்பீங்களா?"

"இல்ல தாயி, சும்மா கெடக்குது."

வெட்கத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அவள் அறைக்குப் போன பிறகு, அடுப்படியில் மெல்ல வாசித்தேன். கடைசி அடி வந்ததும் நிறுத்திக் காத்திருந்தேன். அவள் அறைக் கதவு திறக்கவில்லை. தனியாகவே பாடி முடித்தேன்.

அந்த அடியின் இங்கிலீஷ் வார்த்தைகள் சரிதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது வந்து, ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கள்.